ஈரம் நின்ற சுவர்

“என் வீட்டுக்காரர் இந்தச் சுவத்துக்குள்ள இருக்கார்” என்றாள் அந்தப் பெண்.

குரலில் அழுகை இல்லை. பயமும் இல்லை. பால் தீர்ந்துவிட்டது என்று சொல்கிற குரல்.

அவள் கை காட்டிய நிலவறைக்குள் சர்வேயர் அவளோடு படியிறங்கினார். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக எரிந்த கடைகளையும் வெள்ளம் புகுந்த வீடுகளையும் அளந்து பாதி வயதைக் கழித்த பெண்மணி. அந்த வேலையை விட்டுவிட்டு இப்போது மனிதர்களைத் தேடித் தருகிறார். பழைய வேலையின் பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டு போகமாட்டேன் என்கிறது.

அவருக்குப் பின்னால் உதவியாளன் இறங்கினான். எல்லோரும் அவனை மைக் என்றுதான் கூப்பிடுவார்கள். மைக்கைக் கையில் கொடுத்தால் கீழே வைக்கமாட்டான் என்பதால் வந்த பெயர்.

நிலவறை சின்னதுதான். நான்கு பக்கமும் கான்கிரீட் சுவர். பலகை அடைத்துக் கலவை ஊற்றிய தடம் வரிவரியாக அப்படியே தெரிந்தது. மேலே, கூரையை ஒட்டி, தரைமட்டத்துக்குச் சற்று மேலாக ஒரு குட்டி ஜன்னல். அதன் கீழ் மூலையிலிருந்து தரை வரைக்கும் சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை இறங்கியது. விரிசல் விட்ட இடத்தை யாரோ அடைத்திருந்தார்கள். பட்டைக்கு நேர் மேலே ஒரு பல்பு பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது.

“சுவர் எட்டு அங்குலம்தான் இருக்கும்” என்றார் சர்வேயர்.

மைக் கேட்டான். “உங்க வீட்டுக்காரர் ரொம்ப ஒல்லியா?”

“நடுத்தரமான உடம்பு” என்றாள் அவள்.

மைக் வாயை மூடிக்கொண்டான். சிரிக்காதவர்களை அவன் நிறையப் பார்த்திருக்கிறான். நகைச்சுவைக்கு இப்படிப் பொறுப்பாகப் பதில் சொல்கிறவளை இப்போதுதான் பார்க்கிறான்.

“முதல்லேருந்து சொல்லுங்க” என்றார் சர்வேயர்.

அவள் சொன்னாள். அவளுடைய கணவனுக்குத் தொழிலே இதுதான். கான்கிரீட் அஸ்திவாரத்தில் விழுகிற விரிசலை அடைப்பது. ஊரில் அவனுக்கு விரிசல்காரர் என்றே பெயர். அண்ணனும் தம்பியுமாகச் சேர்ந்து தொழில் செய்தார்கள். அண்ணன் பெயரில் உரிமம், தம்பி கையில் வேலை. போன வருட மழையில், அவர்கள் சரிசெய்துகொடுத்த ஒரு வீட்டின் நிலவறைச் சுவர் உள்பக்கமாகச் சரிந்து விழுந்தது. அந்த அறையில் வாடகைக்கு இருந்த கடிகாரக்காரர் செத்துப்போனார். மறுநாள் காலையில் விரிசல்காரரின் வேன் ஆற்றுப் பாலத்தின் மேல் நின்றது. கதவு திறந்திருந்தது. ஆள் இல்லை.

“ஆத்துல தேடினாங்க. கிடைக்கல. போலீஸ் அவங்க அண்ணனைப் பிடிச்சு உள்ள வச்சிட்டாங்க. அவர் இன்னும் உள்ளதான் இருக்கார். வர்ற திங்கக்கிழமை தீர்ப்பு.”

“இந்தச் சுவர்?”

“அவர் காணாமப்போனப்ப இந்த விரிசல் அடைக்கலை. ஊருக்கெல்லாம் அடைப்பார், சொந்த வீட்டுக்கு நேரம் வராது. மழை பெஞ்சா தண்ணி வழியும், நான் துண்டைப் போட்டு வைப்பேன். போலீஸ் வந்த அன்னைக்குக்கூட துண்டைப் பிழிஞ்சுட்டுத்தான் பதில் சொன்னேன். அதுக்கப்புறம் நான் கீழ வரல. இப்ப வந்து பாத்தா அடைச்சிருக்கு.”

“யாரு அடைச்சா?”

“அது உங்க வேலை.”

“வீட்ல வேற யாரு?”

“மக மட்டும்தான். கிளினிக்குக்குப் போயிருக்கா.” அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். “நானும் கடைக்குப் போகணும். மூக்குக்கண்ணாடிக் கடையில லென்ஸ் தேய்க்கிறேன். மெதுவாப் பாருங்க. சாவியை மேல வச்சிட்டுப் போறேன்.”

படிகளில் அவள் செருப்புச் சத்தம் ஒரே சீராக ஏறிப் போனது. மேலே கதவு சாத்தியது.

“மேடம், இந்தம்மாவுக்கு உள்ள ஏதோ ஃபியூஸ் போயிருக்கு” என்றான் மைக்.

“ஃபியூஸ் போனா வீடு எரியாம இருக்கும். அதுக்குத்தானே வைக்கிறாங்க.” சர்வேயர் பட்டையின் அடியில் உட்கார்ந்தார். “இது சாதாரண விரிசல். கலவை காயும்போது சுருங்கும். ஜன்னல் மூலையிலதான் முதல்ல விடும். வீட்டுக்கு ஆபத்து இல்லை. தண்ணி உள்ள வர ஒரு வழி, அவ்வளவுதான்.”

“அப்ப அந்த இன்னொரு வீட்டுச் சுவர் ஏன் விழுந்துச்சு?”

“அதோட போட்டோவை அன்னைக்குப் பேப்பர்ல பாத்தேன். அங்க விரிசல் படுக்கையா இருந்திருக்கு. படுக்கையா விட்டா வெளி மண்ணு சுவரைத் தள்ளுதுன்னு அர்த்தம். வெளியில தோண்டி, இரும்பு வச்சு முட்டுக் கொடுக்கணும். உள்பக்கம் பட்டி போட்டுப் பெயிண்ட் அடிச்சா, நோயாளிக்குப் பவுடர் போட்ட மாதிரிதான்.”

அவர் பட்டையின் மேல் விரலை ஓட்டினார். கீழிருந்து மெதுவாக மேலே.

“இங்க வந்து தொடு. என்ன தெரியுது?”

மைக் தொட்டான். “கீழ மேடும் பள்ளமுமா இருக்கு. இட்டு நிரப்பின மாதிரி. மேல போகப் போக வழவழன்னு ஆயிடுது. கீழ ஒரு ஆள், மேல ஒரு ஆளா?”

“இல்ல. தடம் முழுக்கப் பட்டி பூசின தகடு ஒரே அகலம்தான். ஒரே ஆள். இந்த வேலையைக் கீழ இருந்துதான் செய்வாங்க. விரிசல் மேல வரிசையாச் சின்னக் குழாய் ஒட்டி, அடிக்குழாயில விரிசலை அடைக்கிற மருந்தை ஏத்தணும். அது உள்ள போய் மேல இருக்கிற அடுத்த குழாயில எட்டிப் பாக்கும். அப்புறம் அதுல ஏத்தணும். ஆரம்பிச்சப்ப அந்த ஆளுக்குக் கை பழகலை. ஜன்னலுக்கு வந்தப்ப பழகிடுச்சு.”

“அப்படின்னா விரிசல்காரர் இல்ல. அவர் இதுல கரை கண்டவராச்சே.”

“கைதான் புதுசு. ஆனா சரக்கைப் பாரு.” பட்டையின் ஓரத்தில் மஞ்சளாக நுரைத்து இறுகியிருந்த ஒரு கட்டியைச் சர்வேயர் தட்டினார். “ஈரச் சுவருக்கு நுரைக்கிற மருந்துதான் போடணும். தண்ணி பட்டாதான் அது உப்பி அடைக்கும். தெரியாதவங்க கடையில சிமெண்ட் வாங்கி அப்புவாங்க. இது முதல் குழாயிலேயே சரியான மருந்து.”

“யூடியூப்ல பாத்திருக்கலாமே மேடம். அதுல இப்ப மூளை ஆபரேஷனே சொல்லிக் குடுக்கிறான்.”

சர்வேயர் எழுந்து சுவரின் இடதுபக்கம் போனார். அங்கே கருவிகள் மாட்டும் ஒரு மரப்பலகை அறைந்திருந்தது. சுத்தியல், உளி, சட்டி எல்லாவற்றின் மேலும் தூசி. பலகையின் நான்கு திருகாணிகளின் தலையில் மட்டும் தூசி இல்லை. அவரே கழற்றினார். பலகை இறங்கியதும் மைக் விசிலடித்தான்.

பலகைக்குப் பின்னால் விரிசலின் ஒரு கிளை ஓடியிருந்தது. அதையும் அடைத்து, மறுபடி பலகையை மாட்டியிருந்தார்கள்.

“யூடியூப்புக்கு இந்தப் பலகைக்குப் பின்னால என்ன இருக்குன்னு தெரியுமா?”

மைக் தலையாட்டவில்லை. யோசித்தான். “பலகையை அறையறதுக்கு முன்னாடி இந்தச் சுவரைப் பாத்தவனுக்குத்தான் தெரியும்.”

“அண்ணன்காரர் உள்ள இருக்கார். மிச்சம் யாரு?”

மைக் பலகையையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

“அப்ப விரிசல்காரர்...”

“உயிரோட இருக்கார். ஆனா இங்க வரலை. வந்திருந்தா, கீழ முதல் உருண்டையைப் பாத்ததுமே கையைத் தட்டிவிட்டுத் தகட்டைப் பிடுங்கியிருப்பார். எந்தத் தொழில்காரனும் பாத்துட்டுச் சும்மா நிக்கமாட்டான். தூரத்துல இருந்து சொல்லியிருக்கார். போன்ல. இங்க ஒருத்தர் கேட்டுக் கேட்டுச் செஞ்சிருக்காங்க.”

“யாரு?”

சர்வேயர் பட்டையைக் காட்டினார். மைக் மறுபடி அடியில் உட்கார்ந்து நுரைக்கட்டியை நகத்தால் நோண்டினான். அதற்குள்ளிருந்து ஒரு வெள்ளை நுனி நீட்டிக்கொண்டிருந்தது.

“என்ன இது, பஞ்சு? உருட்டி வச்சிருக்காங்க. பட்டியைப் பாருங்க, ஓரத்துல குட்டிக் கரண்டியால தோண்டித் தோண்டி அமுக்கியிருக்காங்க. சுவத்துக்குச் சொத்தைப் பல்லா மேடம்? ஈரத்தை ஒத்தி எடுத்து, பஞ்சு வச்சு, அடைச்சு... வாயைத் திற, கொப்புளின்னு சொல்லியிருப்பாங்க போல.”

சர்வேயர் திரும்பினார். “இன்னொரு தடவை சொல்லு.”

“எதை? கொப்புளியா?”

“சொத்தைப் பல்லு.”

மைக் தன் வாயிலிருந்து வந்ததைத் தானே முதல் தடவை கேட்டவன்போல நின்றான். கட்டிக்கு அடியில் ஒரு துணுக்கு ஒட்டியிருந்தது. மெல்லிய நீலக் கையுறையின் கிழிசல். சுவர் வேலை செய்கிறவர்கள் போடுவது அல்ல, தடிப்பாக இருக்கும் அது. இது டாக்டர்கள் போடுவது.

“மக எங்க போயிருக்கான்னு சொன்னாங்க?”

“கிளினிக்குக்கு” என்றான் மைக். “என்ன கிளினிக்குன்னு நாம கேக்கவே இல்ல.”

*

பல் கிளினிக்கில் நாற்காலிகள் ஒன்றோடொன்று இணைத்துப் போடப்பட்டிருந்தன. ஒருவர் அசைந்தால் வரிசை முழுக்க அசைந்தது. உள்ளேயிருந்து துளைக்கும் இயந்திரத்தின் கீச்சுக் குரல் வந்து வந்து நின்றது. மைக் தன் தாடையைப் பிடித்துக்கொண்டு, வந்த காரணத்தை மறந்தவன்போல உட்கார்ந்திருந்தான்.

விரிசல்காரரின் மகள் கருவிகளைக் கழுவும் பின்னறையில் இருந்தாள். இருபது கடந்தவள். முகக்கவசத்துக்கு மேலே கண்கள் மட்டும். அம்மாவின் கண்கள். எதுவும் எழுதாத ஸ்லேட்டுபோல.

சர்வேயர் நீலத் துணுக்கை மேசையில் வைத்தார்.

அவள் அதைப் பார்த்தாள். பிறகு கையில் இருந்த கையுறைகளை ஒவ்வொரு விரலாக உருவிக் குப்பைத்தொட்டியில் போட்டாள்.

“அம்மாவுக்குத் தெரியுமா?”

“நீ சொல்றதைப் பொறுத்து.”

“இந்த வருஷ மழை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி அப்பா கூப்பிட்டார். கிளினிக் நம்பருக்கு. பல் ஆடுதுன்னு சொன்னார். எந்தப் பல்லுன்னு கேட்டேன். குரலைக் கேட்டும் எனக்குப் புரியல. அப்புறம் அவர், சுவர் இன்னும் கசியுதாம்மான்னு கேட்டார்.”

துளைக்கும் சத்தம் எழுந்து அடங்கும்வரை காத்திருந்தாள்.

“அழுதியா?” என்று கேட்டார் சர்வேயர்.

“இல்ல. கசியுதுன்னு சொன்னேன்.” அவள் மேசையின் ஓரத்தைத் துடைத்தாள். ஏற்கெனவே துடைத்திருந்த இடம். “அதுக்கப்புறம் அடிக்கடி பேசினோம். எப்படி இருக்கேன்னு ஆரம்பிச்சா ரெண்டு பேருக்கும் பேச்சு நின்னுடும். சுவர்னா பேசுவார். அந்த மருந்து வாங்கு, கீழ இருந்து ஆரம்பி, அவசரப்படாதே, பலகைக்குப் பின்னால ஒண்ணு ஓடுது அதை விட்டுடாதேன்னு. நான் அம்மா இல்லாதப்ப செஞ்சேன். முடிஞ்சதும் அவருக்குப் பேச ஒண்ணுமில்லாமப் போச்சு. இப்பக் கூப்பிட்டாலும், மழை வந்துச்சா, கசியுதான்னு மட்டும் கேப்பார்.”

“உங்க பெரியப்பா உள்ள இருக்கார். அது அப்பாவுக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“ஒண்ணும் சொல்லலையா?”

“நான் கேக்கல. கேட்டா வேற ஆளாயிடுவாரோன்னு இருந்துச்சு.” முதல் தடவையாக அவள் நிமிர்ந்து பார்த்தாள். “மேடம், அம்மாகிட்ட சொல்லாதீங்க. அப்பா செத்துட்டார்னு அவங்க ஒரு மாதிரி பழகிட்டாங்க. எழுந்திருக்காங்க, வேலைக்குப் போறாங்க, வர்றாங்க. அதையும் கலைச்சுட வேணாம்.”

சர்வேயர் வெளியே வந்தார். மைக் கூடவே ஓடிவந்தான்.

“கேஸ் முடிஞ்சுது மேடம். சுவத்துக்குள்ளயும் ஆள் இல்ல, ஆத்துக்குள்ளயும் இல்ல. போன்ல இருக்கார். நம்பரை வாங்கியிருந்தா எந்த ஊருன்னு நானே...”

“அந்த பல்பை யாரு மாட்டினது?”

“எந்த பல்பு?”

“நிலவறையில எல்லாத்து மேலயும் தூசி. சுத்தியல் மேல, சட்டி மேல. பல்பு மட்டும் புதுசு. அதுவும் சரியா அந்தப் பட்டைக்கு மேல.”

“மக மாட்டியிருப்பா. வேலை செய்ய வெளிச்சம் வேணுமே.”

“மறைச்சு வேலை செஞ்சவ வெளிச்சத்தை விட்டுட்டா போவா?” சர்வேயர் நின்றார். “மைக், நீ உள்ள போ. அந்தப் பொண்ணை லீவு சொல்லிட்டு வரச் சொல்லு. அவங்க அம்மா கடையில இருந்து வர்றதுக்குள்ள நாம வீட்ல இருக்கணும்.”

*

அம்மா கடைக்கே போயிருக்கவில்லை.

சமையலறை மேசையில் உட்கார்ந்திருந்தாள். முன்னால் நான்கு கோப்பைகள் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. மகளையும் சேர்த்துத்தான் எண்ணியிருந்தாள்.

மகள் வாசல்படியிலேயே நின்றுவிட்டாள்.

சர்வேயர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். “சுவத்துக்குள்ள உங்க வீட்டுக்காரர் இல்ல. அது உங்களுக்கே தெரியும்.”

“தெரியும்.”

மைக் திரும்பிப் பார்த்தான். அவன் முகத்தில் இருந்த கெட்டிக்காரத்தனம் முழுக்க ஒரு நொடியில் வழிந்துபோனது.

“புருஷனைக் காணோம்னு சொல்லியிருந்தா நாங்களும் எல்லாரையும் போல ஆத்துக்குத்தான் போயிருப்போம். சுவத்துக்குள்ள இருக்கார்னு சொன்னதாலதான் சுவரைப் பாத்தோம். பாக்கிறதுக்கு வெளிச்சமும் போட்டு வச்சிருக்கீங்க.”

“நீங்க வர்றதுக்கு முந்தின நாள் மாட்டினேன்” என்றாள் அவள். “லென்ஸ் தேய்க்கிறவ நான். கீறல் எங்க இருக்குன்னு பாக்கிறதுதான் என் வேலை. இவ நகத்துல மஞ்சளா ஒட்டியிருந்ததை அன்னைக்கே பாத்துட்டேன். கீழ போய்ப் பாத்தேன். பலகைத் திருகாணியைப் பாத்தேன். அந்தப் பலகையை அவர்தான் அறைஞ்சார், நான்தான் பிடிச்சுக்கிட்டு நின்னேன்.”

“அம்மா...” என்றாள் மகள்.

“நீ பேச வேண்டாம். நான் உன்னைக் கேக்கவே இல்ல.” அவள் மகளைப் பார்க்காமல் சர்வேயரிடமே பேசினாள். “நான் கேட்டிருந்தா இவ ஒண்ணு பொய் சொல்லணும், இல்ல அப்பாவைக் காட்டிக்கொடுக்கணும். ரெண்டுல எதைச் செஞ்சாலும் அது இவ கூடவே கடைசிவரைக்கும் வரும். அதான் உங்களைக் கூப்பிட்டேன். கண்டுபிடிச்சது நீங்க. இவ எதையும் சொல்லல. இவளுக்கு இதுல சம்பந்தமே இல்ல.”

இத்தனை வருடத்தில் சர்வேயரை வேலைக்கு வைத்தவர்கள் பலர். எதைக் கண்டுபிடிக்க வேண்டும் என்பதை அவரைவிட நன்றாகத் தெரிந்துவைத்திருந்தவர் இவள் ஒருத்திதான்.

“அவர் வந்தா என்ன ஆகும்னு தெரியுமா?” என்று கேட்டார்.

“தெரியும். அந்தக் கடிகாரக்காரர் வீட்டுச் சுவரை அடைச்சிட்டு வந்த அன்னைக்கு, இந்த மேசையிலதான் உட்கார்ந்து சாப்பிட்டார். தோண்ட வேண்டிய சுவர், வீட்டை விக்கிற அவசரத்துல மேல பூசச் சொன்னாங்க, பூசிட்டேன்னார். எனக்கு அது அப்ப ஒரு விஷயமாவே படல. குழம்பை ஊத்தினேன்.” அவள் ஒரு கோப்பையை நிமிர்த்தி வைத்தாள். “அவங்க அண்ணன் அந்தச் சுவரைக் கண்ணால பாக்கவே இல்ல. கையெழுத்து மட்டும்தான் அவரோடது. கோர்ட்டுல அவர் வாயைத் திறக்கல. தம்பிதான் செஞ்சான்னு ஒரு வார்த்தை சொல்லல. செத்தவன் மேல பழி போடமாட்டேன்னுட்டார்.”

பிறகு மகள் உள்ளே வந்தாள். பையிலிருந்து போனை எடுத்தாள். எண்ணை அழுத்தி, ஒலிபெருக்கியைப் போட்டு, மேசையின் நடுவில் வைத்தாள். அங்கிருந்து நகர்ந்து, பாத்திரம் கழுவும் தொட்டியருகே போய், முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

மணி அடித்தது. எடுத்தார்கள்.

“சொல்லும்மா” என்றது ஓர் ஆண் குரல். “மழை வந்துச்சா? கசியுதா?”

“கசியல” என்றாள் மனைவி.

எதிர்ப்பக்கம் ஏதோ வண்டி போகிற சத்தம். அது தேய்ந்து மறைந்தது.

“நீயா?”

“நான்தான்.”

“எப்பத் தெரிஞ்சுது?”

“அது எதுக்கு இப்ப? திங்கக்கிழமை உங்க அண்ணனுக்குத் தீர்ப்பு.”

“தெரியும்.”

“வாங்க.”

“வந்தா என்னைப் பிடிச்சு உள்ள போட்டுடுவாங்க.”

“ஆமா. போடுவாங்க.”

“அதைச் சொல்லத்தான் கூப்பிட்டியா?”

“அதுக்குத்தான்.”

மைக் தரையைப் பார்த்தான். தொட்டியருகே குழாயைத் திறந்துவிட்ட சத்தம் கேட்டது. கழுவுவதற்கு ஒன்றும் இல்லை. தண்ணீர் மட்டும் ஓடியது.

“என் மேல கோவமா?” என்றது குரல்.

அவள் கொஞ்சம் யோசித்தாள். கேட்ட கேள்விக்குச் சரியான பதிலைத் தேடுகிறவள்போல. “எதுவும் வரல. ஆத்துல தேடினப்பவும் வரல. நீங்க இருக்கீங்கன்னு தெரிஞ்சப்பவும் வரல. வராதது நல்லதுதான். வந்திருந்தா இதை உங்ககிட்ட சொல்லியிருக்க மாட்டேன்.”

இணைப்பு அறுந்தது.

மைக் முன்னால் குனிந்தான். “பின்னாடி கேட்ட வண்டிச் சத்தத்தை வச்சே...”

“வேண்டாம் தம்பி” என்றாள் அவள். “திங்கக்கிழமை வரைக்கும் விடுங்க. தானா வரட்டும்.”

“வரலைன்னா?”

“வரலைன்னா நீங்க போய்ப் பிடிச்சுட்டு வாங்க.” அவள் எழுந்து போய் மகளுக்குப் பக்கத்தில் நின்று குழாயை மூடினாள்.

*

திங்கட்கிழமை கோர்ட் வராந்தாவில் கூட்டம் அதிகம். சுவரில் தோள் உயரத்துக்கு, சாய்ந்து சாய்ந்து நின்றவர்களின் எண்ணெய்க் கறை. சர்வேயரும் மைக்கும் தூணருகே நின்றார்கள். அம்மாவும் மகளும் ஜன்னலோரம். எதிரே நீளப் பெஞ்சில் ஒரு பெண், மடியில் டிபன் தூக்கோடு உட்கார்ந்திருந்தாள். அண்ணனின் மனைவி. விரிசல்காரரின் மனைவிக்கு ஓரகத்தி. வந்ததிலிருந்து இந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

“எத்தனை மணிக்குக் கூப்பிடுவாங்க மேடம்?” என்றான் மைக் மெதுவாக.

“எப்ப வேணா.”

“அவர் வராம இருக்கிறதுக்கு உலகம் முழுக்கக் காரணம் இருக்கு. வர்றதுக்கு ஒரே ஒரு காரணம்தான் இருக்கு. அதுவும் கோவம்கூட இல்லாத ஒரு பொம்பளை.”

சர்வேயர் ‘உஷ்’ என்றார்.

இரண்டு போலீஸ்காரர்கள் அண்ணனை அழைத்து வந்தார்கள். தலை முழுக்க நரைத்திருந்தது. ஒரு கையில் விலங்கு. பெஞ்சைக் கடக்கும்போது மனைவியிடம் ஏதோ சொன்னார். அவள் தூக்கைத் திறக்கப் போனாள். அப்புறம் என்று கையைக் காட்டினார்.

அப்போதுதான் வராந்தாவின் மறுமுனையில் ஒருவன் வந்து நின்றான். வெயிலில் கறுத்த முகம். தோளில் ஒரு பை. எந்த அறைக்குப் போவது என்று தெரியாமல் கதவுக்குக் கதவு பலகையைப் படித்துக்கொண்டே வந்தான். ஜன்னலோரம் நின்ற இரண்டு பேரைக் கண்டதும் நடை தடுமாறியது. ஆனால் நிற்கவில்லை. அவர்களைத் தாண்டி வந்தான்.

அண்ணனுக்கு முன்னால் நின்றான்.

“நான்தான் செஞ்சேன்னு சொல்ல வந்தேன்” என்றான். எங்கேயோ உட்கார்ந்து பழகிவைத்த வாக்கியம்போல ஒரே மூச்சில் வந்தது. “அந்தச் சுவரு. நான்தான்.”

அண்ணன் அவனைப் பார்த்தார். மைக் ஓர் அடி முன்னால் வைத்தான். அடிதடி நடக்கும் என்றுதான் நினைத்தான்.

அண்ணன் விலங்கு இல்லாத கையை நீட்டித் தம்பியின் கன்னத்தைத் தொட்டார். தாடியைத் தொட்டார். காதைப் பிடித்துப் பார்த்தார்.

“டேய்” என்றார். “இருக்கியாடா? இருக்கியா நீ?”

சொன்னதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. அதையே திரும்பத் திரும்பக் கேட்டார். வாய் கோணி, “ஆத்துல போயிட்டேன்னு சொன்னாங்களேடா” என்று வராந்தா முழுக்கக் கேட்க அழுதார். தம்பி இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டான். போலீஸ்காரர்கள் யாரைப் பிடிப்பது என்று தெரியாமல் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அன்று தீர்ப்பு வரவில்லை. தம்பியின் வாக்குமூலத்தை எழுதிக்கொண்டு உள்ளே கூட்டிப்போனார்கள். அண்ணன் வெளியே வர இன்னும் சில வாரங்கள் ஆகும் என்று வக்கீல் சொன்னார். ஆனால் வருவார் என்றார்.

கூட்டம் கலைந்தது. ஓரகத்தி பெஞ்சிலேயே இருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, ஜன்னல் பக்கம் பார்த்து முதல் தடவையாகப் பேசினாள்.

“நீதான் வரச் சொன்னியா?”

“ஆமாக்கா.”

“உள்ள போட்டுருவாங்கன்னு தெரிஞ்சேவா?”

“தெரிஞ்சேதான்.”

ஓரகத்தி பக்கத்தில் இருந்த பையை எடுத்துக் கீழே வைத்தாள். ஓர் ஆள் உட்கார இடம் வந்தது.

விரிசல்காரரின் மனைவி போய் உட்கார்ந்தாள். கைகளை மடியில் கோத்துக்கொண்டு எதிர்ச்சுவரைப் பார்த்தாள். முகத்தில் ஒன்றுமில்லை. ஆனால் இடது முழங்கால் லேசாக ஆட ஆரம்பித்தது. பிறகு வலது முழங்காலும். அவள் இரண்டு கைகளாலும் அழுத்திப் பார்த்தாள். நிற்கவில்லை. பெஞ்சின் கால்கள் தரையில் கடகடவென்று தட்டின. தன் கால்களை யாருடையவோ என்பதுபோல அவள் குனிந்து பார்த்தாள்.

“அக்கா, நிக்கமாட்டேங்குது” என்றாள்.

“ஆடட்டும்” என்றாள் ஓரகத்தி. தூக்கை விரிசல்காரரின் மகளிடம் கொடுத்துவிட்டு, ஆடுகிற அந்த முழங்கால்மேல் தன் கையை வைத்து, எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள்.